நடக்காத ஆலோசனைக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக நான் உங்களுக்கு எழுதுவது இது ஐந்தாவது முறை. முதல் நான்கையும் உங்கள் மருத்துவ ஆலோசனைச் செயலியில் இருக்கும் உதவிப் பெட்டியில் எழுதினேன். நான்குக்கும் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது. எதைத் தீர்த்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த முறை நேராக உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள், அதே ஒரு வரிப் பதிலை மறுபடியும் அனுப்பாதீர்கள்.

விஷயம் என் அம்மாவைப் பற்றியது. வயது 68. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கப் பல வருடங்களாக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐஎன்ஆர், இந்த மாத்திரை இருக்கும் வீட்டில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மாத்திரை எடுக்காதவர்களுக்கு அது 1 அளவில் இருக்கும், அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் பக்கவாதம் வந்துவிடுமோ என்ற பயம், கூடினால் உள்ளே எங்காவது ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயம். போன மாதம் பல் வேரில் சீழ் வைத்ததற்குப் பல் மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். அது வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றிவிடும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த பரிசோதனையில் 4.6 என்று வந்தது. அதற்கு முதல் நாளே பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. முழங்கைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றிப்போயிருந்தது, எங்கே இடித்துக்கொண்டார் என்று அவருக்கே நினைவில்லை.

அவர் வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரின் கிளினிக்கில், இனி நேரம் வாங்குவதெல்லாம் உங்கள் செயலி வழியாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நானும் நல்லதென்றுதான் நினைத்தேன். இதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், தொட்டுப் பார்க்க வேண்டாம். எண் என்ன, எத்தனை மில்லிகிராம் போடுகிறார், வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, தலை எங்காவது இடித்ததா என்று மருத்துவர் கேட்டு நாங்கள் பதில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. வீடியோ ஆலோசனை என்று ஒன்று எதற்காகவாவது இருக்கிறதென்றால் அது இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மாலை 6.30க்கு நேரம் கிடைத்தது. முழுக் கட்டணமும் முன்கூட்டியே கட்டினேன். 6.15க்கே அம்மாவை உட்கார வைத்துவிட்டேன். மருந்து டப்பாவில் சாய்த்து போனை நிறுத்தினோம், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பரிசோதனைத் தாளை மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் சோதனைப் பக்கத்தில் கேமரா, மைக், இணையம் மூன்றுக்கும் பச்சை விழுந்தது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்திருக்கிறேன். அப்புறம் "மருத்துவர் விரைவில் இணைவார்" என்ற பக்கம். அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, 31 நிமிடம். 7.01க்கு மருத்துவர் முகம் தெரிந்தது. அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நாங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை, காதைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார். அம்மா தாளைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், கை நடுங்கியதில் அது அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது. 7.05க்குத் திரை மூடிக்கொண்டது.

இதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். இணையம் போகும் வரும், யாருக்கும் நடக்கும். 7.12க்கு நீங்கள் ஒரு "ஆலோசனைச் சுருக்கம்" அனுப்பினீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். மருத்துவர் பெயர் போட்டு, அம்மா பெயர் போட்டு, "தற்போதைய மருந்துகளைத் தொடரவும்" என்று அதில் இருந்தது. யார் சொன்னது தொடரச் சொல்லி? அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளையும் பார்க்கவில்லை. மருத்துவர் எதுவும் எழுதாவிட்டால் அந்த இடத்தில் உங்கள் செயலியே இந்த வரியைப் போட்டுவிடுகிறது என்று பின்னால் மருத்துவரின் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, நீங்கள் செய்த செயலி.

நான் அந்த நேரத்தில் அடுத்த அறையில் உங்கள் உதவி எண்ணில் காத்திருந்தேன். அம்மாவின் போனுக்கும் அந்தச் சுருக்கம் வந்திருக்கிறது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் தொடரச் சொல்லிவிட்டார் என்று அன்று இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஐஎன்ஆர் 4.6 இருக்கும்போது. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை, ஒரு மணிக்கு ஒருமுறை எழுப்பி "தலை வலிக்குதாம்மா, கண் நல்லா தெரியுதாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு வரி என் அம்மாவைக் கொன்றிருக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், உங்கள் அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்து நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் உதவி எண்ணில் பேசிய ஓர் ஊழியரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மொத்தம் 11 முறை உங்களை அழைத்திருக்கிறேன், பேசியவர்களில் பாதிப்பேர் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒரு பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் புதன்கிழமை 10.40க்கு எடுத்தவர்! நான் முழுவதும் சொல்லி முடித்த பிறகு அவர் கேட்டது இதுதான்: "அவ்வளவு அவசரம்னா நீங்க ஏன் மேடம் ஆன்லைன்ல புக் பண்ணீங்க?" எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அடுத்து, "உங்க பக்கம்தான் ஜாயின் பண்ணல, சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு" என்றார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, எங்கே அனுப்பட்டும் என்று கேட்டேன். வைத்துவிட்டார். பத்து நாள் ஆகிவிட்டது, அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஏன் ஆன்லைனில் பதிவு செய்தேனா? வேறு வழியை நீங்கள் விட்டுவைக்கவில்லை, அதனால்தான். அவர் மேல் நடவடிக்கை எடுப்பீர்களோ, பயிற்சி கொடுப்பீர்களோ, எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அந்த அழைப்பை நான் எங்கே நின்று செய்தேன் என்பதையும் சொல்கிறேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய் இரவே மறுபடி பணம் கட்டி, புதன்கிழமை காலை 10 மணிக்கு வீடியோ ஆலோசனைதான் பதிவு செய்தேன். உறுதிச் செய்தியிலும் வீடியோ என்றுதான் இருந்தது. காலை 7.50க்குப் பார்த்தால் "நேரில் வருகை" என்று மாறிக் கிடக்கிறது, கீழே ஒரு கிளையின் முகவரி. யார் மாற்றியது, ஏன் மாற்றியது, ஒரு தகவலும் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் கிளம்பினோம். விழுந்தால், இடித்தால் ஆபத்து என்ற நிலைமையில் இருக்கும் ஒருவரை ஒன்றே கால் மணி நேரம் வண்டியில் வைத்து, லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடத்தில் மூன்று மாடி ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே வரவேற்பில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "டாக்டர் புதன்கிழமை இங்க வரவே மாட்டாரும்மா" என்றார். மருத்துவர் எந்தக் கிழமை எந்தக் கிளையில் இருப்பார் என்பதுகூட உங்கள் அட்டவணையில் இல்லையென்றால் அது என்ன அட்டவணை? எனக்கு ஒரு நாள் சம்பளம் போனது, அலுவலகத்தில் பெயர் கெட்டது, அந்த வாரம் எடுத்த விடுப்புகளால் என் வேலையே போகும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த வரவேற்பாளர்தான் எங்களைக் காப்பாற்றினார். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, மருத்துவரோடு வேலை செய்யும் நர்ஸின் எண்ணைத் தானாகவே எழுதிக் கொடுத்தார். கூப்பிட்டேன். நர்ஸ் போனை மருத்துவரிடம் கொடுத்தார். வீடியோ இல்லை, செயலி இல்லை, சாதாரண போன், இரண்டே நிமிடம். இன்றைக்கு மாத்திரை வேண்டாம், வெள்ளிக்கிழமை மறுபடி பாருங்கள், ரத்தம் நிற்காமல் வந்தாலோ கடுமையான தலைவலி வந்தாலோ யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள் என்றார். சுருக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று தன் பெயரில் போனதே அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை 3.9, அடுத்த செவ்வாய் 2.7. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

இதைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சத்தம் கேட்கவில்லை என்றால் மருத்துவர் ஒரு பொத்தானை அழுத்தி எங்கள் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு போடும்படி ஏன் வைக்கவில்லை? படம் இல்லாவிட்டாலும் குரல் இருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "நோயாளி இணையவில்லை" என்று மறுத்திருக்கிறீர்கள். ஆனால் அதே ஆலோசனை, வரலாற்றுப் பக்கத்தில் "முடிந்தது" என்று இருக்கிறது. நோயாளி வரவில்லை என்றால் எப்படி முடிந்தது? முடிந்தது என்றால் எப்படி வரவில்லை? இரண்டில் ஒன்று பொய். இரண்டாவது முன்பதிவுக்குக் கட்டிய பணத்தைப் பற்றி இன்னும் பதிலே இல்லை.

இரண்டு கட்டணமும் திரும்ப வேண்டும்தான். ஆனால் அதைவிட முக்கியம் அம்மாவின் மருத்துவப் பதிவு. அந்தச் சுருக்கம் இன்னும் அவர் கணக்கில் அப்படியே இருக்கிறது. நாளைக்கு வேறொரு மருத்துவர் அதைத் திறந்தால், 4.6 இருக்கும்போது இதய மருத்துவரே தொடரச் சொல்லியிருக்கிறார் என்றுதானே நினைப்பார்? அதை நீக்குங்கள், அல்லது ஆலோசனை நடக்கவில்லை என்று அதன் மேலேயே எழுதுங்கள். மருத்துவர் தன் கையால் எழுதாத எந்த வரியையும் அவர் பெயரில் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்களைப் போல எத்தனை வீட்டில் அதைப் படித்துவிட்டு மாத்திரை போட்டார்களோ.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் செயலியால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகிறது என்பதும் தெரியும், ஒழுங்காக வேலை செய்தால் நானே தொடர்ந்து பயன்படுத்துவேன். ஏழு நாள் பொறுக்கிறேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதுவேன். மருத்துவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் பெயரை நீங்கள் பயன்படுத்திய விதத்தைப் பற்றித்தான் எழுதுவேன். அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். அந்த 11 அழைப்புகளையும், முக்கியமாகப் புதன்கிழமை 10.40 அழைப்பையும், அழிக்காமல் வைத்திருங்கள். நான் கேட்பேன்.

பரிசோதனை முடிவுகள் மூன்று, பச்சை விழுந்த சோதனைப் பக்கம், 7.12க்கு வந்த சுருக்கம், "முடிந்தது" என்றும் "இணையவில்லை" என்றும் காட்டும் இரண்டு பக்கங்கள், வீடியோ என்று வந்த உறுதிச் செய்தி, இரண்டு ரசீதுகள், எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். பேச வேண்டுமென்றால் மாலை 6 மணிக்கு மேல் என்னை அழைக்கலாம். அம்மாவின் எண்ணுக்கு அழைக்க வேண்டாம், உங்கள் பெயரைத் திரையில் பார்த்தாலே அவர் பயப்படுகிறார்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்