கேட்டுக்கு வெளியே 200 மீட்டர்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும்,

பள்ளி விட்டதும், பதிவேட்டில் பெயருள்ள பெரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையை வெளியே விடுவது என்று பல பள்ளிகளில் விதி இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சரி. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதே விதி, அதே கையெழுத்து என்று இருக்கிறதே, அதைத்தான் மாற்றச் சொல்லி எழுதுகிறோம். பிள்ளைகளுக்குச் சாலையில் நடக்கவும் பஸ் ஏறவும் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. அந்த வேலையில் பாதி உங்கள் கேட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

எப்படி என்று சொல்கிறோம். தனியாகப் போய்வருவதைத் துண்டு துண்டாகத்தான் கைமாற்ற முடியும். அதிலும் வழியின் கடைசித் துண்டை முதலில் கொடுக்க வேண்டும். காலையில் பெரியவர் கூடவே வந்து, கேட்டுக்கு 200 மீட்டர் முன்னால் நின்றுவிடுவார். மிச்சத்தைப் பிள்ளை தனியாக நடக்கும். போய்ச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே ஆள் இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் வீட்டு ஆளும் நிற்கிறார். இரண்டு வாரம் கழித்து 200 மீட்டர் 400 ஆகும், ஒரு சந்தி கூடும். இப்படி வீட்டை நோக்கிப் பின்னாலேயே நீட்டிக்கொண்டு போனால், பிள்ளை ஒவ்வொரு தடவையும் பழகாத இடத்தில் தொடங்கிப் பழகிய இடத்தில் முடிக்கும். பல பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டு வாசலில் கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை தெரிந்த தெருவிலிருந்து தெரியாத தெருவுக்குள் போய்ச் சேர்கிறது. பயம் பிடிப்பது அங்கேதான்.

மாலையிலும் இதே கணக்கு. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தொடங்கி, பள்ளியை நோக்கிப் பின்னால் நீட்ட வேண்டும். கடைசியாக, பெரியவர் கேட்டை விட்டு விலகி முதல் தெருமுனையில் காத்திருக்கும் கட்டம் வரும். உங்கள் விதி வெட்டிவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். வழியிலேயே வண்டி நெரிசல் அதிகமான இடம் பெரும்பாலும் பள்ளி வாசல். அதை மட்டும் பழகாமலே பிள்ளை வளர்கிறது. பிறகு வேறு பள்ளிக்கு மாறியதும் ஒரே வாரத்தில், முன்பைவிட நீளமான வழியில், இரண்டு பஸ் மாறித் தனியாகப் போகச் சொல்கிறோம்.

ஒரு சாலையைக் கடப்பதைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். ஏழு மீட்டர் அகலச் சாலை. சின்னப் பிள்ளை நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் ஏழு நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடும். அப்படியானால் வண்டி ஏறக்குறைய 100 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது இடைவெளி. ‘தூரத்தில்தானே வருகிறது’ என்று தோன்றும் வண்டி பெரும்பாலும் இந்த எல்லைக்கு உள்ளே இருக்கும். சரி, ஓடிக் கடக்கலாமே என்றால், ஓடும் பிள்ளை தடுக்கி விழும், ஓட்டுநர் கண்ணிலும் திடீரென்றுதான் படும்.

வேகத்தைக் கணிப்பது இன்னும் சிக்கல். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் நேரே நெருங்கிவரும் வண்டியைத் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியவில்லை. பிள்ளையின் கவனக்குறைவு என்று இதைத் திட்டிப் பயனில்லை. பார்வையும் மூளையும் இன்னும் அந்த அளவுக்கு முதிரவில்லை. ஆகவே சின்ன வயதில் ‘பார்த்துப் போ’ என்பது வெற்றுச் சொல். சிக்னல் இருக்கும் இடம், காவலர் நிற்கும் இடம், வண்டிகள் மெதுவாக வரும் தெரு, இவற்றை மட்டும் கோத்து வழி போட வேண்டும். அதனால் வழி 300 மீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

பிரேக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நொடியில் 8 மீட்டர், பிறகு பிரேக்கில் 5 மீட்டர். காய்ந்த சாலையில் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வந்தால் அந்த 13 மீட்டரில் ஓட்டுநர் இன்னும் பிரேக்கை மிதித்திருக்கவே மாட்டார். பள்ளி வாசலில் வேகத்தடையும் 30 என்ற பலகையும் கேட்டு நீங்கள் எழுதும் விண்ணப்பத்தில் இந்த ஒரு கணக்கைச் சேர்த்தால் போதும்.

நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவே கடப்பதுதான் நாங்கள் அதிகம் திருத்தும் பிழை. கூடாது என்று சொன்னாலும் வேறு வழியில்லாத தெருக்கள் உண்டு. அதனால் முறையைக் கற்றுக்கொடுக்கிறோம். முதலில் இரண்டு வண்டிக்குள்ளும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, விளக்கு எரிகிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேறு இடம். இல்லையென்றால், வண்டியின் வெளி ஓரம் வரை நடந்து, அந்தக் கோட்டில் நின்றுவிட வேண்டும். நடைபாதை விளிம்பு போல அது இரண்டாவது விளிம்பு. அங்கே நின்றால்தான் பிள்ளைக்குச் சாலை தெரியும், சாலைக்குப் பிள்ளை தெரியும். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார் கூரை அதைவிட அரை மீட்டர் மேலே. பிறகு வண்டி வரும் பக்கம், மறுபக்கம், மீண்டும் வண்டி வரும் பக்கம். இடது வலது என்று நாங்கள் சொல்வதில்லை. பதற்றத்தில் பிள்ளைகள் அதை மாற்றிப் பிடிப்பார்கள், ஒருவழிச் சாலையில் பொருந்தவும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் போலீசாரே வகுப்புக்கு வந்து ‘நில், பார், கேள், நட’ என்று மழலையர் வகுப்பிலிருந்தே பழக்குகிறார்கள். மின்சார வண்டிகள் பெருகிய பின் ‘கேள்’ என்பதை மட்டும் நம்புவது போதாது.

இன்னொரு பொறி, நல்ல மனசுள்ள ஓட்டுநர். அவர் நிறுத்திக் கைகாட்டுவார். பிள்ளை மரியாதைக்குப் பயந்து ஓடும். அவர் வண்டியின் மறைவிலிருந்து முந்திவரும் பைக் அடிக்கும். நின்ற வண்டியின் அந்தப் பக்க ஓரம் வந்ததும் மறுபடி நின்று எட்டிப் பார்க்க வேண்டும். இதை வாயால் சொல்லி வராது. பத்து, பதினைந்து தடவை நடந்தால்தான் கால் தானாக நிற்கும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு வரும் கட்டத்தை நாங்கள் நிழல் நடை என்கிறோம். பிள்ளை முன்னே, பெரியவர் பத்துப் பதினைந்து அடி பின்னே, வாய் திறக்காமல். திறந்தால் கெட்டது. ‘வண்டி வருது’ என்று பின்னாலிருந்து குரல் வரும் வரை பிள்ளை பார்க்காது. அந்தக் குரலைத்தான் கற்றுக்கொள்ளும். உண்மையான ஆபத்தில் மட்டும் ‘நில்’ என்ற ஒரே சொல். தவறு நடந்தால் வீட்டுக்கு வந்தபின் ஒன்றே ஒன்றைப் பேச வேண்டும், ஏழு குறைகளை அல்ல. அடுத்தடுத்து ஐந்து நிழல் நடையில் பெரியவர் ஒருமுறைகூட வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை என்றால் அந்தத் துண்டைக் கைமாற்றலாம். பிறந்தநாளைவிட இது நம்பகமான அளவு. பத்து வயதில் சிலர் தேறுவார்கள், பன்னிரண்டில் தேறாதவர்களும் உண்டு.

பஸ்ஸில் போகும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இறங்குமிடத்தில். ‘மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கு’ என்றால், மருத்துவமனை கண்ணில் படும்போது பஸ் கிளம்பியிருக்கும். அதற்கு முந்தைய அடையாளத்தைச் சொல்ல வேண்டும்: பாலம் வந்ததும் எழு. நிறுத்தம் தப்பினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். நடந்து திரும்பக் கூடாது. வெட்கத்தில் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்தே போகும் பிள்ளைகள் நிறைய. அதுவும் தப்பில்லை, ஓட்டுநரிடம் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இறங்கியபின் பஸ்ஸின் முன்னாலோ பின்னாலோ கடக்காமல், அது போகும் வரை நிற்க வேண்டும். ரயிலில் கதவு மூடிப் பெரியவரும் பிள்ளையும் பிரிந்தால்: பிள்ளை உள்ளே என்றால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்கும், பிள்ளை வெளியே என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். தேடிப் போவது பெரியவர் வேலை.

‘தெரியாதவர்களோடு பேசாதே’ என்ற அறிவுரையை நாங்கள் கைவிட்டு வெகுநாள் ஆகிறது. வழி தவறிய பிள்ளை தெரியாதவரிடம்தான் கேட்டாக வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். அதனால் விதியை மாற்றிச் சொல்கிறோம்: தெரிந்தவரோ தெரியாதவரோ, எங்களிடம் சொல்லாமல் யாரோடும் போகாதே. உதவி வேண்டுமென்றால், ஆளை நீயே தேர்ந்தெடு: கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர், சீருடைக்காரர், கூடவே குழந்தைகள் இருக்கும் பெண். தானாக வந்து கேட்பவர் வேறு, நீ போய்க் கேட்பவர் வேறு. பெயரைப் பைக்கு வெளியே எழுத வேண்டாம். தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி உள்ளே வைத்தால் போதும்.

பெண்பிள்ளைகளை இன்னும் தாமதமாகத்தான் தனியே விடுகிறார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் உரசுகிறவனைப் பற்றி வகுப்பில் வாய்விட்டுப் பேசுவோர்தான் குறைவு. ‘தள்ளி நில்லுங்க’ என்று உரக்கச் சொல்ல வகுப்பறையில் பயிற்சி வேண்டும், ஏனென்றால் முதல் தடவை தொண்டை அடைத்துக்கொள்ளும். இடம் மாறி நடத்துநர் பக்கமோ பெண்கள் பக்கமோ போவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒன்று: அவள் வந்து சொன்னால், தண்டனை போல அவள் பயணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த முறை சொல்லவே மாட்டாள்.

கைபேசியைப் பற்றி எங்கள் கருத்து பல பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. வரைபடத்தில் நகரும் புள்ளி பெரியவருக்கு ஆறுதல், பிள்ளைக்கு ஒன்றும் கற்றுத்தராது. ‘எங்கே இருக்கே?’ என்ற அழைப்பு வருவதே பிள்ளை சாலை நடுவில் இருக்கும்போதுதான். பயண நேரத்தில் அழைக்காதீர்கள். சேர்ந்தபின் பிள்ளை அழைக்கட்டும். ‘சீக்கிரம் வா’ என்பதற்குப் பதில் நேரம் பேசுங்கள்: 4:50-க்கு வந்துவிடு, 5:05 வரை வராவிட்டால் நான் இதே வழியில் எதிரே நடந்து வருவேன். வழி ஒன்றே என்று முடிவாகியிருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

இங்கிலாந்தில் 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மேன் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் எடுத்த கணக்கு இது. அதே காலத்தில் பிள்ளைகளின் சாலைச் சாவு குறைந்தது. சாலை பாதுகாப்பானதால் அல்ல, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதால் என்பது அவர்கள் முடிவு. பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடும் ஒவ்வொருவரும் உங்கள் வாசலில் இன்னொரு வண்டியைச் சேர்க்கிறார். அதைப் பார்த்து அடுத்தவரும் வண்டியை எடுக்கிறார்.

‘ஏதாவது நடந்தால் எங்கள் தலை’ என்ற உங்கள் கவலை நியாயமானது. அமெரிக்காவில் யூட்டா மாநிலம், போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தனியாகப் பள்ளிக்குப் போய்வருவது பெற்றோர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதாக ஆகாது என்று 2018-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 5-ஆம் பிரிவில், பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்றபடி வழிகாட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து, ஒரு பக்க ஒப்புதல் படிவம் போடுங்கள்: கையால் வரைந்த வழி, கடக்கும் இடங்கள், எந்தெந்த நாள், பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் கையெழுத்து. பிள்ளையும் கையெழுத்துப் போடுவது சடங்கு அல்ல. தன் வழியை வரையத் தெரியாத பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படிவத்தைவிட முக்கியம் காலை அழைப்பு. தனியாக வரும் பிள்ளை முதல் மணி அடித்து 15 நிமிடத்துக்குள் வகுப்பில் இல்லையென்றால் பள்ளி வீட்டுக்கு அழைக்க வேண்டும். இப்போது பல இடங்களில் வராத தகவல் மதியம்தான் போகிறது, சில இடங்களில் போவதே இல்லை. வீடு ‘போய்ச் சேர்ந்திருக்கும்’ என்று நினைக்கும், பள்ளி ‘லீவு போலிருக்கிறது’ என்று நினைக்கும். இந்த ஓட்டையை அடைக்காமல் எந்தத் தாயும் பிள்ளையைத் தனியே விடமாட்டார், விடவும் கூடாது.

மாலையில் நடந்து போகிறவர்களை முதலில் வெளியே விடுங்கள். அவர்கள் தெருமுனை தாண்டும் வரை, ஒரு பத்து நிமிடம், வண்டிகள் எஞ்சின் போடக் கூடாது. இதற்குச் செலவு இல்லை, ஒரு விசிலும் பிடிவாதமான ஒரு காவலரும் போதும்.

தொடங்குவதற்கு விடுமுறை முடிந்த முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாரும் வழியை மறந்து வந்திருப்பார்கள். பருவத்தின் நடுவில், மழையில்லாத வாரமாக, ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பதிவேட்டை மாற்ற வேண்டாம். பெரியவர் பெயருக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: ‘தானே போகிறேன்’, மணி, பிள்ளையின் கையெழுத்து.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்குச் சாலைப் பயிற்சி தருபவர்கள்