தொப்பூர் கணவாயிலும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

6ஜி ஆய்வு என்றாலே 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை, மின்னல் வேகம் என்றுதான் பேச்சு. அஞ்செட்டி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் சிக்கலே வேறு: சிக்னல் வந்து சேர்வதே பாடு.

ஒரே வகை ஆன்டெனா, ஒரே தூரம் என்றாலும், 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிட 3,500 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் இழப்பு 14 டெசிபல் கூடுதல். வந்து சேரும் திறன் 25-இல் ஒரு பங்கு. இது வெட்டவெளிக் கணக்கு. நடுவே குன்றோ, மழையில் நனைந்த மாந்தோப்போ இருந்தால் கேட்கவே வேண்டாம். கைபேசிக் கோபுரம் பல வாட் திறனில் சிக்னலை அனுப்புகிறது. கைபேசியின் உச்சம் பொதுவாக 0.2 வாட்தான். அதனால்தான் திரையில் சிக்னல் கோடு தெரிந்தும் நம் பேச்சு எதிர்முனைக்குப் போவதில்லை.

தொப்பூர் போன்ற கணவாய் வளைவில் மலை மறைத்ததும் சிக்னல் சட்டென விழும். அடுத்த கோபுரத்துக்கு மாறச் சொல்லும் கட்டளை வந்து சேருமுன் பழைய இணைப்பு அறுந்துவிடும். மாறுவதற்கான காத்திருப்பு நேரத்தைக் குறைத்தாலோ, அழைப்பு இரு கோபுரங்களுக்கிடையே பந்தாடப்படும்.

செட்டிக்கரை, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிகளில் இந்தச் சிக்னல் அளவீட்டையே இறுதியாண்டுத் திட்டமாகத் தரலாம். ஆர்எஸ்ஆர்பி (வந்து சேரும் சிக்னலின் திறன்), எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீடு, இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் அளவு) இரண்டையும் ஜிபிஎஸ் இடக்குறிப்போடு, கோடையிலும் மழைக்காலத்திலும் பதிய வேண்டும். கைபேசிக் கோடுகளைப் படம்பிடித்து வருவது (அதுவும் நடக்கிறது) அளவீடு ஆகாது.

– தொலைத்தொடர்புப் பொறியாளர், தருமபுரி