காது பெரிது என்றால் கேட்கும் திறன் கூர்மை என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில், 'பெரிய காதுள்ள விலங்குக்கு நன்றாகக் கேட்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிள்ளைகள் படித்து மனதில் வைத்துக்கொள்ளும் பக்கம் அது. தவறு அப்படியே தங்கிவிடக் கூடாது.

கூகை என்ற ஆந்தைக்குக் காது மடலே கிடையாது. முகத்து இறகுகளுக்கு அடியில் இரண்டு துளைகள், அவ்வளவுதான். அவையும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. தட்டுப் போன்ற முகம் சத்தத்தைக் குவித்துத் துளைக்குள் தள்ளும். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்தே, கும்மிருட்டிலும் வரப்பில் ஓடும் எலியைக் கூகை அடித்துவிடும்.

யானையின் காது பெரும்பாலும் விசிறி. அதற்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. மெல்லிய மடலுக்குள் ஓடும் ரத்தம், வீச வீச ஆறி உடம்புக்குத் திரும்புகிறது. வெட்டவெளியில் மேயும் ஆப்பிரிக்க யானைக்கு நம் காட்டு யானையைவிட மடல் மிகப் பெரிது. பனிப்பிரதேச நரிக்கோ, சூடு வீணாகாதபடி குட்டைக் காது.

ராகி அறுவடைக் காலத்தில் எங்கள் மாவட்டத்து ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் யானைக்குக் காவலிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீசிக்கொண்டிருந்த காது சட்டென்று நின்றால் யானை உற்றுக் கேட்கிறது. மடலை அகல விரித்தால் பெரும்பாலும் மிரட்டல். மடலைத் தலையோடு ஒட்டவைத்துத் துதிக்கையைச் சுருட்டினால் நிஜமாகவே துரத்த வருகிறது. மிரட்டல்தானே என்று எந்த நிலையிலும் நிற்கக் கூடாது. காது நின்ற உடனேயே இடத்தைவிட்டு விலகிவிட வேண்டும்.

ஆட்டுக்கு வருவோம். ஜமுனாபாரி என்ற இனத்துக்கு ஒரு சாணுக்கு மேல் தொங்கும் காது. வெயிலில் சூட்டைத் தணிக்க அது உதவும் என்றாலும், அழகுக்காக மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததும் அதில் உண்டு. யானையை விட்டால் காட்டு விலங்குகளில் தொங்கு காதைக் காண்பது அரிது. காதழகை மட்டும் பார்த்து அந்த ஆட்டைச் சந்தையில் பிடித்துவந்து நம் முள்ளுக்காட்டில் ஓட்டினால் மடல் கிழியும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். மேய்ச்சலை நம்பி வளர்ப்பவருக்குச் சேலம் கருப்பு இன ஆடே தோது.

ரத்த ஓட்டம் மிகுந்த இடம் என்பதால்தான் மாட்டுக்கு அடையாள எண் உள்ள காது வில்லை போடும்போதும் நிதானம் வேண்டும். மடலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கிளைகிளையாக ரத்தக்குழாய்கள் தெரியும். கையால் தடவினால் நீளவாக்கில் இரண்டு குருத்தெலும்பு மேடுகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில், குழாயைத் தவிர்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். ஓரத்தில் குத்தினால் வேலியில் மாட்டி மடல் கிழிந்து, 12 இலக்க எண்ணோடு வில்லையும் போய்விடும். மேட்டின் மேல் குத்தினால் வீங்கிச் சீழ் பிடிக்கும். குழாயில் பட்டால் ரத்தம் நிற்காது; அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். ஒரு வாரமாவது தினமும் துளையைப் பார்த்து, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி வர வேண்டும்.

அடுத்த வாரம் சிறுவர் பக்கத்தில் கூகையின் முகத்தையும் யானையின் மடலையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள். அந்த ஒரு வரியை இரண்டு படங்களே திருத்திவிடும்.

இப்படிக்கு,
கால்நடைப் பராமரிப்பில் உள்ள வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.