சோதனை அறையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான், மாடி அறையைக் காலி செய்து கொடுத்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நம் பேச்சு "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் நீ விடவே மாட்டாய். எந்த ஷூவின் சோல் எத்தனை ஆயிரம் மடிப்பில் விரிசல் விட்டது, எந்தத் தோலின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாய். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள், நாம் இருவரும் பேசிக்கொண்டே இருப்போம். அந்தப் பேச்சு நின்றுபோனதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே வராதது போல இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். சோதனைக்கூடத்தை விட்டு டெவலப்மென்ட் பிரிவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். ஒரே வரி. காரணம் எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

போகலாம். நல்ல வேலைதான். டிசைனர் வரைந்து கொடுத்த படத்தைக் காலில் போட்டு நடக்கக்கூடிய பொருளாக மாற்றுகிற வேலை அது. ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் வடிவ அச்சை, அதாவது லாஸ்டை, தேர்ந்தெடுப்பதில் தொடங்கும். லாஸ்ட் சரியில்லை என்றால் மேலே எவ்வளவு நல்ல தோல் போட்டும் பயனில்லை. அப்புறம் பேட்டர்ன், முதல் சாம்பிள், காலில் போட்டுப் பார்ப்பது, திருத்துவது, மறுபடி சாம்பிள், விலைக் கணக்கு, சாம்பிள் அளவை மற்ற சைஸ்களுக்கு மாற்றும் கிரேடிங், கொஞ்சம் ஜோடிகள் ஓட்டிப் பார்ப்பது. டிசைனருக்கு அழகு வேண்டும், விற்பவருக்கு விலை குறைய வேண்டும், தொழிற்சாலைக்கு வேலை சுலபமாக வேண்டும். மூவருக்கும் நடுவில் நிற்பது நீதான். காலுக்காகப் பேச அந்த அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை மறந்துவிடாதே.

சோதனைக்கூடத்தில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு பலம் உண்டு. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரியும். பெண்கள் ஷூவில் 37, ஆண்கள் ஷூவில் 42 என்ற சாம்பிள் சைஸில் அருமையாக உட்கார்ந்த ஷூ, கிரேடிங் ஆகிப் பெரிய சைஸுக்குப் போனதும் குதிகாலில் கழன்று வரும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அகலமும் சுற்றளவும் அதே விகிதத்தில் வளர்வதில்லை. காலில் போட்டுப் பார்க்கும்போது ஒருவருக்குக் காலையிலும் இன்னொருவருக்கு மாலையிலும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும், பகல் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும். நேரத்தையும் சேர்த்து எழுதி வை. யார் போட்டார், எந்த நேரம், எந்தக் காலில் இடித்தது, எல்லாம் எழுதி வை.

அங்கே போனால் மேஜையிலேயே உட்கார்ந்துவிடாதே. உற்பத்தி லைனுக்குப் போ. லாஸ்டிங் செய்கிறவர்கள் லாஸ்டின் மேல் தோலை எப்படி இழுத்துப் பொருத்துகிறார்கள் என்று பார். மாட்செலிகர் கதையை நான் உனக்கு எத்தனை முறை சொன்னேனோ தெரியாது, இன்னொரு முறை கேள். சுரிநாமில் பிறந்தவர், அமெரிக்காவில் லின் நகரத்துக்கு வந்து ஷூத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது லாஸ்டிங்கைக் கையால்தான் செய்ய முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள், தேர்ந்த கைகாரர் ஒரு நாளைக்கு 50 ஜோடி போடுவார். இவர் அந்தக் கைகளின் அசைவைப் பார்த்துப் பார்த்தே இயந்திரம் கட்டினார். 1883இல் காப்புரிமை கிடைத்தது. அந்த இயந்திரம் நாளுக்கு 700 ஜோடி வரை போட்டது. 1889இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. படிப்பு எவ்வளவு இருந்தாலும் கையைப் பார்த்துக் கற்கிற பொறுமை வேண்டும் என்பதற்காகத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உனக்கு அந்தப் பொறுமை உண்டு. சின்னதில் என் பழைய செருப்பைப் பிரித்து அடுக்கடுக்காக வைத்தவள் நீ.

ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று. இப்போது இருக்கிற வேலை சலித்துப்போனதா? அப்படியென்றால் எனக்கு வருத்தம்தான். நீ வேதியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தபோது பெரியப்பா சொன்ன வார்த்தை நினைவிருக்கும். அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். குரோம் பதனிட்ட தோலில் இருக்கும் மூன்றிணைதிறக் குரோமியம், வெப்பமும் கொழுப்பும் சேர்ந்தால் ஆறிணைதிறமாக மாறும் என்பதையும், அது தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும் என்பதையும் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். 2015 மே மாதத்தில் இருந்து ஐரோப்பாவில் அந்த ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், உடலில் படும் தோல்பொருளை விற்கவே முடியாது. அந்த மூன்று மில்லிகிராமைக் கண்டுபிடித்துச் சொல்கிறவள் என் மகள் என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு.

நீ சோல் பிரித்துப் பார்க்கும் சோதனையைப் பற்றி முதல் வருடம் எழுதிய மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன். இயந்திரம் எண்ணைத்தான் கொடுக்கும், மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று. பாதுகாப்பு ஷூவுக்கு 4 வேண்டும், சோல் பொருளே கிழிந்தால் 3 போதும். நீ எண்ணோடு நிற்கவில்லை, பிரிந்த பரப்பைத் திருப்பிப் பார்த்தாய். பசை முழுக்க சோலோடு போய்விட்டு ஷூவின் மேல்பகுதியான அப்பர் பக்கம் சுத்தமாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் தோலைச் சரியாகச் சொரசொரப்பாக்கி ரஃப் பண்ணவில்லை. இரண்டு பக்கமும் பசை இருந்து நடுவில் பிரிந்திருந்தால் சூடு போதவில்லை, அல்லது ஆறிய பிறகு ஒட்டியிருக்கிறார்கள். இதை யாரும் உனக்குச் சொல்லித்தராமல் நீயே எழுதியிருந்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்படிப்பட்டவள் இப்போது வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவிடம் மறைக்கிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது?

சரி, கோபமாக எழுதவில்லை.

சோதனைக்கு முன்னால் சாம்பிளை 23 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறோமே, அதில் அவசரம் காட்டாதே. நேரம் போதவில்லை என்று யார் சொன்னாலும் காட்டாதே. கருவிகளின் அளவுத்திருத்தத் தேதியைப் பார். மறுசோதனை செய்வதில் தப்பே இல்லை. மோதல் சோதனையில் சுத்தியல் நடுவில் விழாமல் தள்ளி விழுந்திருக்கலாம், சாம்பிள் ஈரமாக இருந்திருக்கலாம், வேறு லாட்டின் ஜோடி கலந்திருக்கலாம். காரணம் இருந்தால் மறுபடி செய், காரணத்தையும் எழுது. முதலில் வந்த எண்ணை மட்டும் அழிக்காதே. அது அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் இரண்டாவது எண்ணை எழுது. முதல் எண்ணை அழிக்காதே.

இதை ஏன் இரண்டு முறை எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில், "ஒரு ரிசல்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்காங்கப்பா" என்று ஆரம்பித்தாய். நான் அவசரமாக அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ மேலே சொன்னால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பதிலைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று பயந்துவிட்டேன்.

நான் சோதனை வேலை பார்த்தபோது எண்களை எழுதிய நீல நோட்டில் ஒரு பக்கம் இல்லை என்று சின்னதில் கேட்டாய். தண்ணீர் பட்டுவிட்டது, கிழித்தேன் என்றேன். தண்ணீர் படவில்லை.

பாதுகாப்பு ஷூ லாட் ஒன்று. 42 சைஸ். விரல்களைக் காக்கும் முன்மூடியான டோ கேப்பின் மோதல் சோதனை உனக்குத் தெரியும்: 20 கிலோ சுத்தியல், ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழும், 200 ஜூல். உள்ளே களிமண் உருளையை வைத்திருப்போம். மோதிய பிறகு எடுத்து அளந்தால், விரல்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அந்தக் களிமண் சொல்லும். 42க்குக் குறைந்தது 14 மில்லிமீட்டர் வேண்டும். முதல் ஷூ 14.5. இரண்டாவது 13.5. மறுபடி ஒரு ஷூ எடுத்தேன், 13.5. மேலே இருந்தவர் வந்து பார்த்தார். "அரை மில்லிமீட்டர்தானே, களிமண்ணைச் சரியா வெச்சிருக்க மாட்டே" என்றார். சரியாகத்தான் வைத்திருந்தேன். அது எனக்குத் தெரியும். வெளியே வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் திட்டவில்லை, மிரட்டவும் இல்லை, போய்விட்டார். என் கையைப் பிடித்து யாரும் எழுத வைக்கவில்லை. நான் 14.0 என்று எழுதினேன். நோட்டில் இருந்த 13.5-ஐ வீட்டுக்கு வந்து கிழித்தேன்.

யாருக்காவது அடிபட்டதா என்று எனக்குத் தெரியாது. புகார் எதுவும் வரவில்லை. வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அதில் எனக்கு நிம்மதி வரவில்லை. அடிபட்டவருக்கு எங்கே புகார் செய்வது என்றே தெரியாமல் இருந்திருக்கலாம், ஷூ போட்டதால்தான் இந்த அளவோடு போனது என்று அவரே நினைத்திருக்கலாம். இப்போதும் அந்த மாதிரி ஷூ போட்டவர்களைப் பார்த்தால் என் கண் முகத்துக்கு முன்னால் அவர்கள் விரல் பக்கம் போகிறது. இது அம்மாவுக்கும் தெரியாது. நீ அவளிடம் சொல்வதானால் சொல், நான் தடுக்கவில்லை.

உனக்கு நடந்தது இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. வெறும் அளவுத்திருத்தப் பிரச்சினையாக இருக்கலாம். அப்படியிருந்தால் கிழவன் எதையோ எழுதியிருக்கிறான் என்று விட்டுவிடு. அப்படி இல்லை என்றால், டெவலப்மென்ட் வேலைக்கு இப்போது விண்ணப்பிக்காதே. இதை முடித்துவிட்டுப் போ. அங்கே போனாலும் உன் ஷூக்கள் இதே மாதிரி ஒரு சோதனை அறைக்குத்தான் வரும், அங்கே ஒருத்தி உட்கார்ந்து உன் முகத்தைப் பார்ப்பாள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, அறிக்கையைத் திருத்தி மறுபடி வெளியிட வழி உண்டு, நான் செய்யாததை நீ செய்யலாம். வேலை போனால் போகட்டும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, அண்ணனை அதற்காகத்தான் வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே எடுப்பேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். எந்தச் சோதனை, எத்தனை வந்தது, எத்தனை வர வேண்டும், இதை மட்டும் முதலில் சொல். உன் பழைய காலிப்பர் இங்கே இருந்தது, பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன். பூஜ்யம் சரியாக நிற்கிறது. அனுப்பவா, இல்லை நீ வரும்போது எடுத்துக்கொள்கிறாயா?

அப்பா