கோபுரத்துத் தேன்கூடுகளுக்குத் தீ வைக்கச் சொன்னவர்களுக்கு

நகரச் சிவன்கோயில் காரியக்காரர்களுக்கும் திருப்பணிக் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேக வேலைக்குச் சாரம் கட்டியதும், கோபுரத்தில் சுதைப் பொம்மைகளுக்கு அடியில் தொங்கிய பெருந்தேனீக் கூடுகளை நடை சாத்திய பிறகு பந்தம் கொளுத்தி எரித்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் சொல்லித்தான் நடந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. மறுநாள் விடியற்காலையில், நீங்கள் யாரும் வராத நேரத்தில், பிராகாரம் எப்படிக் கிடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் செத்துவிடவில்லை. இறகு கருகிய தேனீக்கள் பறக்க முடியாமல் கல்தளம் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தன. சில ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. சில முன்னங்காலால் உணர்கொம்பைத் திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டே இருந்தன. தப்பித்தவை கோபுரத்தில் கரி பிடித்த இடத்தையே மொய்த்தன. அங்கே தேனடை இல்லை. கூட்ட வந்த பெண் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "உசுரோட இருக்கே ஆச்சி, எப்படிக் கூட்டுறது?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை வந்து சத்தம் போட்டார். அவள் முறத்தில் அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். மதில் ஓரம் வைத்த அந்தச் சாக்கு மதியம் வரை இரைந்துகொண்டிருந்தது.

இதை ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: "பூச்சிக்கு என்ன தெரியும், ஆச்சி?" சிரித்தீர்கள். அடுத்த வரவு செலவுக்குப் போய்விட்டீர்கள். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

பெருந்தேனீ கொட்டினால் ஆள் சாகலாம் என்பது எனக்குத் தெரியும். சாரத்தின் உச்சியில் நின்று வர்ணம் பூசுகிறவர் ஓடவும் முடியாது, குதிக்கவும் முடியாது. அவர்கள் தலைக்கு மேல் கூடு இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். இனி நம் கோயிலிலோ கோயில் இடத்திலோ தேன்கூட்டுக்குத் தீ வைக்கக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது.

பூச்சிக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2011-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிஸா பேட்சனும் கூட இருந்தவர்களும் தேனீக்களுக்கு இரண்டு வாசனைகளைப் பழக்கினார்கள். ஒன்று வந்தால் சர்க்கரைத் தண்ணீர், மற்றது வந்தால் கசப்பு. பிறகு பாதித் தேனீக்களை, கூட்டை ஏதோ விலங்கு தாக்குவது போல, ஒரே ஒரு நிமிடம் குலுக்கினார்கள். இரண்டு வாசனையும் கலந்து காட்டியபோது, குலுங்கிய தேனீக்கள் அதைக் கசப்பு என்றே அதிகம் எடுத்துக்கொண்டு வாயை நீட்டாமல் ஒதுங்கின. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் டோபமைன், செரடோனின் போன்ற பொருள்களின் அளவும் அவற்றின் உடலில் இறங்கியிருந்தது. மனிதர்களில் மனம் ஒடிந்தவர் எதிலும் கெட்டதையே எதிர்பார்ப்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்படி அளக்கிறார்கள். ஒரு நிமிடம் குலுக்கியதற்கே இப்படி. நம் பிராகாரத்தில் நடந்ததை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திருப்பணிக் குழுவில் படித்த தம்பி ஒருவர் மறுத்துப் பேசினார். கால் ஒடிந்த பூச்சி நொண்டாது, ஒன்றும் நடக்காதது போல நடக்கும். இணை சேரும்போது ஆண் கும்பிடுபூச்சியின் தலையைப் பெண் தின்றாலும் அது விலகாது. வலி இருந்தால் இப்படி இருக்குமா என்றார். நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் பல காலம் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் 2022-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்கா குழுவினர் பம்பிள்பீ என்ற மயிரடர்ந்த பெரிய தேனீக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரைக் கரைசல் வைத்த இடங்களில் சிலவற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினார்கள், சிலவற்றைச் சூடாக்காமல் விட்டார்கள். இனிப்பு எங்கும் ஒரே அளவாக இருந்தபோது சூட்டை விட்டு விலகின. சூடான இடத்தில் இனிப்பு கூடுதலாக இருந்தபோது சூட்டைப் பொறுத்துக்கொண்டு போய்க் குடித்தன. சுட்டதும் தானாகச் சுருங்கும் உடம்பு மட்டும் அதற்கு இருந்திருந்தால் இந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? அதே ஆண்டு அங்கேயே, எந்தப் பரிசும் இல்லாமல், இளம் தேனீக்கள் சின்ன மர உருண்டைகளை உருட்டிக்கொண்டிருந்ததையும் பதிவு செய்தார்கள். பிறகு வந்த ஒரு சோதனையில், சூடு வைத்த உணர்கொம்பைத் தேனீக்கள் குறிப்பாகத் தேடி வழித்துவிட்டன. பிராகாரத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

வலிக்கிறது என்று தேனீயின் உள்ளே போய் யாரும் பார்த்துச் சொல்லிவிடவில்லை. அது உண்மை. ஆனால் 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவ ஆசிரியர்களும் கூடிக் கையெழுத்திட்ட அறிவிப்பு, பூச்சிகளுக்கும் உணர்வு இருக்க மெய்யான சாத்தியம் உண்டு என்கிறது. சாத்தியம் இருக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பற்றது என்றும் சொல்கிறது.

அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? 2022-ல் பிரிட்டனில் வந்த சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களில் சேர்த்தது, பூச்சியை வெளியே நிறுத்தியது. தொல்காப்பியம் நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் வைத்து இரண்டுக்கும் நான்கறிவு என்றது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலும் விலங்கு என்றால் மனிதர் அல்லாத எந்த உயிரும்தான். அதில் பூச்சிக்கு விலக்கு எழுதவில்லை.

நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியை உங்களுக்குத் தெரியும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மத்தாப்பு ஆசை இல்லையா என்ன? அவர்களால் முடிந்தது, வளவும் முகப்புமாகப் பெரிய வீடு வைத்து வாழும் நம்மால் முடியாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொல்ல வந்தது தேனீயைப் பற்றி. ஆனால் மனசில் அது மட்டும் இல்லை. விடிய விடியக் கோபுரத்துக்கு வெள்ளை விளக்கு அடிக்கிறீர்கள். மழைக்கு மறுநாள் அதன் அடியில் ஈசலும் வண்டும் குவியலாகச் செத்துக் கிடக்கின்றன. கல்யாணத்துக்குக்கூட வந்து திறக்காத வீடுகளுக்கு வருஷா வருஷம் ஆள் அனுப்பி மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஊருணிக் கரையில் பூத்துக் கிடந்த செடிகளை அசிங்கம் என்று வழித்துத் தள்ளினீர்கள். பூச்சிக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒரு பேச்சு இத்தனைக்கும் போதுமானதாக இருக்கிறது. கோடிக் கணக்கில் வசூலித்துச் செய்யும் திருப்பணியில், புகை போட்டுக் கூடு கலைக்கிற ஒருவருக்குக் கூலி கொடுக்கவா காசில்லை?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஊருணிக் கரை அரசமரத்தில் இன்னும் ஒரு கூடு இருக்கிறது. யாகசாலை போடுவதற்கு முன் அதையும் எரித்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து அதற்குத் தீ வைக்காதீர்கள். பெருந்தேனீ ஒரே இடத்தில் நிலைத்து இருப்பதில்லை. பூக்காலம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். காத்திருக்க நாள் இல்லை என்றால் யாகசாலையைத் தெற்கு மதிலுக்கு மாற்றலாம், ஹோமப் புகை அந்த மரத்துக்குப் போகாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, கொல்லாமல் கலைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். கூலியை எங்கள் வீட்டில் தருகிறோம், குடும்பக் கணக்கில் கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

வருகிற கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதுங்கள்: கோயில் இடத்தில் தேன்கூட்டுக்குத் தீயும் மருந்தும் இல்லை. எழுத முடியாது என்றால் அந்த முடிவையாவது அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பந்தத்துக்கு ஆள் வருவதற்கு முன் ஊருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
மேலவீதியில் புள்ளி வரி கட்டும் குடும்பத்து ஆச்சி ஒருத்தி