பட்டாளத்து மாமா போன பிறகு

அன்புள்ள மாப்ளே,

அன்றைக்குப் போனில் செய்தியைச் சொன்னதும் "ம்" என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டாய். அப்புறம் நானும் கூப்பிடவில்லை. ஷார்ஜாவில் லீவு கிடைக்காமல் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டாளத்து மாமாவுக்கு 16ஆம் நாள் காரியம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

சாயங்காலம் பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்தபடி கல்லுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஆனால் அங்கே டாக்டர் வந்து பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. 77 வயது என்கிறார்கள் எல்லோரும், ஏதோ 77 என்றால் போகலாம் என்பதுபோல. அன்று காலையில் கூட ஆள் துணையில்லாமல் அயினி மரப் பலகையைப் புரட்டிப் போட்டவர் அவர்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அவருக்கு இடது காது கேட்காது, உனக்குத் தெரியுமே. கூடத்தில் கிடத்தியபோது சொந்தக்காரப் பெண்கள் அத்தையைக் கொண்டுவந்து அவருக்கு இடது பக்கம் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்து, குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். "இந்தப் பக்கம் இருந்தாத்தான அவருக்குக் கேக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சாதாரணமாகச் சொன்னாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன், மாப்ளே, நிற்க முடியவில்லை.

அந்தக் காது போனது 1971 பாகிஸ்தான் போரில். நமக்கு அவர் கதையாகச் சொன்னது கொஞ்சம்தான், அதையும் வேலைக்கு நடுவில், துண்டு துண்டாக. 1966ல் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சேப்பர்ஸில், ராணுவத்தின் இன்ஜினியர் படையில், சேர்ந்தவர். கையில் தச்சு வேலை இருந்ததால் தச்சர் ட்ரேடிலேயே எடுத்துக்கொண்டார்கள். போர் என்றால் ஊரில் எல்லோரும் டாக்காவையே கேட்பார்கள், அவர் இருந்ததோ மேற்கே, சக்கர்கட் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில், ஒன்பதாம் இன்ஜினியர் ரெஜிமெண்டில். டிசம்பர் 15ஆம் தேதி ராத்திரி, ஆற்றுக்கு அந்தப்புறம் கண்ணிவெடி வயலில் டாங்கி போக வழி எடுக்கும் வேலை. குளிரில் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் மண்ணுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். வழி முழுதும் எடுத்து முடிவதற்குள் எதிரி டாங்கிகள் வருவது தெரிந்ததால், பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் வண்டிகள் பாதி எடுத்த பாதையிலேயே ஏறிப் போயின. அந்தப் படையில் இருந்த 21 வயது அருண் கேத்ரபால்தான் மறுநாள் சண்டையில் உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்றவர். "எங்க கைபட்ட மண்ணு மேலதான் அந்தப் பிள்ள போச்சு" என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் விழுந்த குண்டில்தான் காது போனது.

நம் இரண்டு பேருக்கும் அவர் உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கிறதா? கண்ணிவெடி தேடும் கம்பியை நேராக இறக்கக்கூடாது, சாய்த்துத்தான் மண்ணுக்குள் விடவேண்டும், நேரே இறக்கினால் வெடியின் தலையில் போய் அழுத்தும் என்று சொல்லிவிட்டு, அதே மாதிரி நம் கையைப் பிடித்து உளியைச் சாய்த்தார். "இறுக்கிப் பிடிக்காதலே, இறுக்குனா உள்ள என்ன இருக்குன்னு கைக்குத் தெரியாது." அப்புறம் இழைத்த பலகையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொல்வார். எங்கே மேடு என்று சொன்னால்தான் கடலை மிட்டாய். நீ எப்போதும் சரியாகச் சொல்வாய், எனக்குப் பாதி நாள் கிடைக்காது.

1992 நவம்பர் வெள்ளத்தில் ஓடைப்பாலம் அடித்துக்கொண்டு போனபோது, மறுநாள் காலையிலேயே தென்னந்தடிகளைக் கொண்டுவந்து போட்டு, மேலே பலகை அடித்து, சாயங்காலத்துக்குள் ஆள் நடக்கிற மாதிரி பண்ணிவிட்டாரே. கயிறு பிடித்தவர்களில் நீயும் நானும் உண்டு. முதலில் அவர் தனியாக நடந்து நடுவில் நின்று குதித்துப் பார்த்துவிட்டுத்தான் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் கைபிடித்து அழைத்துப்போனார்.

1983ல் பென்ஷனோடு வந்தவர் நினைத்திருந்தால் ஏதாவது பேங்க் வாசலில் காவலுக்கு நின்று சுகமாக இருந்திருக்கலாம். மறுவாரமே பட்டறையைத் திறந்துவிட்டார். செங்கோட்டைக்காரனுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு என்பார். அவர் பிறந்த 1948ல் நம் ஊர் திருவிதாங்கூர், அடுத்த வருஷம் திருக்கொச்சி, 1956 நவம்பர் 1ல் சென்னை ராஜ்யம், 1969ல் தமிழ்நாடு. "இருந்த இடத்துல இருந்துக்கிட்டே நாலு ராஜ்யம் பாத்தாச்சு" என்று மீசையைத் தடவுவார். அதனால் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலையாள வீடுகளுக்கு உத்தரமும் கூரைக்குக் கழுக்கோலும் செய்யும்போது கோல் கணக்கு, 24 விரல் ஒரு கோல். இந்தப் பக்கம் இறங்கினால் அடி, அங்குலம், நூல்; எட்டு நூல் ஒரு அங்குலம். இரண்டும் மனசிலேயே ஓடும், காகிதத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த நூல் கணக்கில்தான் உன் அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்தது. உங்கள் வீட்டு வாசற்கதவை மாட்டியது சித்திரையில். நிலைக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதே, இதுவா வேலை என்று உன் அப்பா குதித்தார். மாமா கோபப்படவில்லை. "ஆனி, ஆடி சாரல்ல மரம் தண்ணி குடிக்கும் மச்சான். நீளத்துல ஊதாது, அகலத்துலதான் ஊதும். அதுக்கு ஒரு நூல் விட்ருக்கேன். ஆடியில சொல்லுங்க" என்றார். ஆணியே அடிக்காமல், சட்ட நுனியில் வெட்டிய கழுந்தைத் துளையில் இறக்கி, மூங்கில் ஆணி மட்டும் வைத்து முடுக்கிய கதவு அது. நேற்று உன் வீட்டைத் திறந்து காற்றாட வைக்கப் போனேன். நாலு நாளாக விடாத சாரல். ஊரில் பாதி வீட்டில் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறார்கள். உன் கதவை ஒரு விரலால் தள்ளினேன், மாப்ளே.

அவர் பிள்ளைகளைப் பற்றியும் எழுதவேண்டும். மூன்றும் பெண்கள் என்று ஊர் பரிதாபப்பட்டபோது அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. நடு மகள் உளியைக் கையில் எடுத்தபோது எத்தனை பேர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள், நாமே கேட்டோமே. அவர் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் கை அளவுக்குச் சின்னதாக, உளி தட்டும் கொட்டாப்புளி ஒன்று கடைந்து கொடுத்தார், அவ்வளவுதான். இன்றைக்கு இரும்புக் கதவும் பிளாஸ்டிக் கதவும் கடையில் ரெடியாகக் கிடைக்கும்போது கூட, நிலைக்கு அவளைத் தேடித்தான் வருகிறார்கள்.

அத்தையோடு அவர் போன ரயில் பயணம் உனக்குத் தெரியாது. 2010ல் அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினதும் சாக்கில் சாமான் கட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் மலையேறுவார். 2018ல் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும், வேலை ஒன்றும் இல்லாமல், அத்தையைக் கூட்டிக்கொண்டு புனலூர் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். கல்யாணமாகி 40 வருஷத்துக்கு மேல் ஆகியும் 13 கண் பாலத்தை அவளுக்குக் காட்டினதில்லையாம். ஜன்னல் ஓரத்தில் அத்தை, அவருடைய வலது பக்கத்தில். பாலம் வந்தபோது அவர் பாலத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அத்தை காரியத்தன்று சொல்லி அழுதாள்.

சாமான் பெட்டியைத் திறந்தபோது துளை போடும் துறப்பண அலகுகளோடு அலகாக ஒரு துணி முடிச்சு கிடந்தது. அவிழ்த்தால் பஸ்சிமி ஸ்டார், மேற்கு எல்லையில் போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த 1971 மெடல். ரிப்பனில் எண்ணெய்க் கறை. பெண்கள் மூவருமே அதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார்கள். சட்டையில் குத்தி அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். அத்தை வேண்டாம் என்று சொல்லி, முழக்கோலை மட்டும் கொஞ்ச நேரம் பக்கத்தில் வைத்து எடுத்தாள். மெடல் இப்போது மறுபடியும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

சரி, ஒரு வேலை விஷயம். உன் மாடி அறைக்கு நிலையும் கதவும் கேட்டிருந்தாய் அல்லவா, அந்த அயினிப் பலகைகளைத்தான் அன்று காலையில் புரட்டிப் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் உன் பெயரும் நம்பரும். பாதிக் கழுந்து வெட்டியிருக்கிறது. மிச்சத்தைத் தானே முடித்து ஆவணியில் மாட்டித் தருவதாக நடு மகள் சொல்கிறாள், பணத்தைப் பற்றிப் பேசினால் கோபப்படுகிறாள், அதை நீயே பேசிக்கொள். கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று மட்டும் மாமா எழுதி வைக்கவில்லையாம். ராத்திரி 8 மணிக்கு மேல் கூப்பிட்டுச் சொல், அந்த நேரம் அத்தையும் பக்கத்தில் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் மாப்ளே