மகளிர் மன்றத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், முதல் வரிசையில் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் புதியவர்களுக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை மன்றம் செய்ததையும் செய்யத் தவறியதையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. பொங்கலுக்குக் கோலப்போட்டி, வழக்கமான சச்சரவோடு நடந்தேறியது. இவற்றைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தை எடுத்துக்கொண்டது தாய்ப்பால் பணிதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 2023இல் அதன் கருப்பொருள், வேலைக்குப் போகும் பெற்றோர். விடியற்காலையிலேயே திருப்பூர் பஸ் பிடிக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் ஊருக்கென்றே அதைத் தேர்ந்தெடுத்தது போலிருந்தது. ஆனால் தொடக்கமே சறுக்கல். நாம் அச்சடித்த நோட்டீஸின் தலைப்பு, ‘பால் கொடுக்காதவள் தாயா?’ குறைமாதத்தில் பிறந்து, வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தையின் தாய் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கூட்டத்தில் எழுந்தார். “பால் வற்றிப்போனது என் குற்றமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தலைப்பை எழுதியவள் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நோட்டீஸ்கள் அன்றே கிழிக்கப்பட்டன. கணக்கில் அச்சுச் செலவு இருமுறை வருவதற்குக் காரணம் அதுவே.

இரண்டாவது நோட்டீஸில் செய்தி மட்டும் இருந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைப் பிழிந்து கொட்டக் கூடாது; நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குழந்தைக்குத் தருவது அதுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. கத்திரி வெயிலிலும் தண்ணீர் வேண்டியதில்லை, பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது. பிறகு இணை உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சளித்தொல்லையும் குறைகின்றன. தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது. இவ்வளவுதான். வசனம் எதுவும் சேர்க்கவில்லை.

இந்த ஆண்டின் உருப்படியான முடிவு, மருமகள்களை விட்டுவிட்டு மாமியார்களைக் கூட்டம் கூட்டியது. வீட்டில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தானே. குழந்தை இரண்டுமுறை வீறிட்டு அழுதால் “பால் பத்தவில்லை” என்று டப்பாப் பாலுக்கு ஆள் அனுப்புவது யார்? சுகாதாரச் செவிலியர் வந்து பேசினார். நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது; அழுகைக்கு வேறு காரணம் தேடுங்கள் என்றார். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தோடு கவ்வ வேண்டும் என்பதை ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டினார். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இடையில் புட்டியைக் கொடுத்தால் ஊறுவது குறையும், பிறகு உண்மையிலேயே பத்தாமல் போகும்.

“என் ஏழு பிள்ளைகளுக்கும் சேனை வைத்தேன், எல்லாம் கல்லுப்போல இருக்கின்றன” என்று ஒரு பாட்டி எழுந்தார். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. செவிலியர் வாதாடவில்லை. “சர்க்கரைத் தண்ணீரை விட்டுவிடுங்கள் பாட்டி, பூண்டுக் குழம்பை விட்டுவிடாதீர்கள். பாத்திரம் துலக்குவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் பாட்டியும் சேர்ந்துகொண்டார். பிறகு பாட்டியின் மருமகளைச் சந்தித்தேன். சேனை நின்றுவிட்டதாம். பாத்திரம் துலக்குவது மட்டும் இன்னும் மருமகள்தானாம்.

வேலைக்குப் போகிறவர்கள் பாடுதான் கடினம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. கம்பெனிகளில், 2017இல் சட்டம் திருத்தப்பட்டது முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை என்பது 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்திலிருந்தே இருக்கிறது. நம் உறுப்பினர்களில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும். தெரிந்தும், பீஸ் ரேட்டில் தைப்பவர் எழுந்து போனால் அன்றைய கூலியில் குறையும். இடைவேளை தருகிற சட்டத்தால் அந்தக் கூலியை ஈடுகட்ட முடிவதில்லை.

உறுப்பினர் ஒருவர் தம் பனியன் கம்பெனியில் கழிவறைக்குள் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவந்தார். மன்றத்தின் பெயரில் கடிதம் கொடுத்தோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு கிடங்கை ஒட்டிய சிறு அறையைத் திரை போட்டுத் தந்தார்கள். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் வெளியே வைத்தால் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைத்திருக்கலாம். புட்டி வேண்டாம், பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையே போதும் என்று அவருக்குச் சொல்லித் தந்தோம். இப்போது அவர் கொட்டுவதில்லை.

தமிழகப் பஸ் நிலையங்களில் 2015இல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நம் ஊர் அறையில் துடைப்பங்களும் உடைந்த நாற்காலிகளும் இருந்தன; சாவி யாரிடம் என்பதைக் கண்டுபிடிக்கவே பதினொரு நாள் பிடித்தது. இப்போது பகலில் திறந்திருக்கிறது. மின்விசிறி சுற்றவில்லை, அதற்கு மனு கொடுத்திருக்கிறோம்.

தாய்ப்பால் வங்கிக்கு நம் உறுப்பினர் இருவர் பால் கொடுத்தனர். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு இது. கொடையாளரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, உறையவைத்து, எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குத் தருகிறார்கள். முதல் நோட்டீஸைப் படித்துக் கேள்வி கேட்ட அந்தத் தாய்தான் இருவரையும் கூட்டிப்போனார். அங்கே கிடைத்த பாலில்தான் தம் குழந்தை தேறியது என்று அப்போதுதான் சொன்னார்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கையிருப்பு குறைந்ததற்கு நானும் பொறுப்பு. தாய்ப்பால் வார விழாவுக்குப் பந்தல் செலவை ஏற்பதாக ஒரு கடைக்காரர் முன்வந்தார். மேடையில் பால்மாவு டப்பா படம் போட்ட பேனர் வேண்டும் என்றார். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விளம்பரத்தைத் தடுக்கிறது. டப்பாவின்மேல் குழந்தைப் படம் போடவே அனுமதியில்லை. மறுத்தோம். பொருளாளருக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். நம் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு நடக்கின்றன. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கும் நேரம் அது. கைக்குழந்தைக்காரர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றவும், கூடத்தின் பின்புற அறையில் சாய்ந்து உட்கார இரண்டு நாற்காலிகள் வாங்கவும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்